டி'குரூஸ் பெயருக்குள் 56 பேக்ஸ்லாஷ்

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் வாசக சாலை ஒன்று இருக்கிறது. ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், நானூறு உறுப்பினர்கள், ஒரே ஒரு கம்ப்யூட்டர். புத்தகப் பட்டியலும் உறுப்பினர் விவரமும் பதினைந்து வருஷத்துக்கு மேலாக பிஎச்பி என்ற மொழியில் எழுதிய ஒரு பழைய இணைய நிரலில் ஓடின. தரவைச் சேமித்து வைத்தது மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ். வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் பழைய பிஎச்பி பதிப்பை நிறுத்தப்போவதாகத் தகவல் வந்ததும் நூலகர் அக்கா என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் வாசக சாலையின் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்துவிட வேண்டும். எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும் என்று முடிவு செய்தேன். ஒரே கோப்பு, தனி சர்வர் தேவையில்லை, பென்டிரைவில் நகல் எடுத்தால் பேக்கப் முடிந்தது.

"வர்றதுதான் வர்ற, அந்தக் கோட்டையும் எடுத்துரு தம்பி" என்றார்.

"எந்தக் கோடு அக்கா?"

திரையைத் திருப்பிக் காட்டினார். உறுப்பினர் பெயர் இப்படி இருந்தது. ஆங்கில எழுத்தில் இருந்ததை இங்கே தமிழில் எழுதுகிறேன். கட்டளைகளையும் அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

அ. டி\\\\\\\'குரூஸ்

"நாங்க யாரும் இதத் தட்டல. அட்ரஸ் மாத்தினா, போன் நம்பர் மாத்தினா, அதுவாக் கூடிக்கிட்டே போகுது."

அந்தக் கடற்கரையில் போர்த்துகீசியர் காலத்திலிருந்து வழங்கிவரும் குடும்பப் பெயர்கள் நிறைய. டி'குரூஸ், டி'சூசா என்று நடுவே ஒற்றை மேற்கோள் வரும் பெயர்கள் அங்கே அபூர்வம் இல்லை. தெருவுக்கு நாலு வீடு இருக்கும். அவர்களில் ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் சிதைந்திருந்தது. ஒருவருடைய பெயரைத் தப்பாக எழுதி, அதைப் பதினைந்து வருஷம் திருத்தாமல் அவர் கையில் அட்டையாகக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. சர்வர் மாற்றுவதைவிட இதைச் சரிசெய்வதுதான் முக்கிய வேலை என்று அப்போதே தோன்றிவிட்டது.

பேக்ஸ்லாஷ் என்கிற அந்தச் சாய்ந்த கோடு எதற்கு வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி, அதாவது கேள்வி, அனுப்பும்போது எழுத்து மதிப்புகளை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்கிறோம் (வேர் என்பது இங்கே 'எங்கே' என்று பொருள்படும் ஆங்கிலக் கட்டளைச் சொல்):

வேர் பெயர் = 'டி'குரூஸ்'

டேட்டாபேஸ் இதை இடமிருந்து படித்துக்கொண்டு வரும். 'டி' வரைக்கும் மதிப்பு, அங்கே மேற்கோள் மூடிவிட்டது. அடுத்து வரும் குரூஸ் என்பது அதற்கு ஒரு கட்டளைச் சொல். அப்படி ஒரு கட்டளை இல்லை, எனவே பிழை. நடுவில் இருக்கும் மேற்கோள் மூடும் மேற்கோள் அல்ல, பெயரின் ஒரு பகுதி என்று சொல்ல ஏதாவது அடையாளம் போட வேண்டும். அதைத்தான் எஸ்கேப் செய்வது என்கிறோம். இந்தக் கட்டளைகளின் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலை சொல்லும் வழி மேற்கோளை இரட்டிப்பது: 'டி''குரூஸ்'. மைஎஸ்கியூஎல் அதையும் ஏற்கும், கூடவே பேக்ஸ்லாஷ் போடுவதையும் ஏற்கும்: 'டி\'குரூஸ்'. எப்படிப் போட்டாலும் உள்ளே சேமிக்கப்படுவது டி'குரூஸ் மட்டும்தான். அடையாளம் வழியில் கழன்றுவிடும், கழன்றுவிட வேண்டும்.

இங்கே கழலவில்லை. ஏன் என்று பழைய நிரலைத் திறந்து பார்த்தபோது, எழுதியவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர் மதிப்பைக் குவெரியில் சேர்க்கும் முன் மைஎஸ்கியூஎல்லுக்கென்று இருந்த எஸ்கேப் ஃபங்ஷனை ஒழுங்காக அழைத்திருந்தார். அந்தக் காலத்தில் அதுதான் சரியான வழி. ஆனால் பிஎச்பியில் அப்போது மேஜிக் கோட்ஸ் என்று ஓர் அமைப்பு இருந்தது. படிவத்திலிருந்து வரும் எல்லா மதிப்பிலும், நிரலைக் கேட்காமலே, ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், பேக்ஸ்லாஷ், சுழியப் பைட் இந்த நான்கின் முன்னாலும் ஒரு பேக்ஸ்லாஷைச் சேர்த்துவிடும். புதிதாக எழுதுபவர்களைக் காப்பாற்றலாம் என்ற நல்ல எண்ணத்தில் இயல்பாகவே இயங்கும்படி வைத்திருந்தார்கள். 2009-இல் வந்த 5.3 பதிப்பில் இதைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள், 2012-இல் வந்த 5.4 பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டார்கள். இந்த சர்வரில் இருந்தது அதற்கும் முந்தைய பதிப்பு.

ஆக, மேஜிக் கோட்ஸ் ஒருமுறை எஸ்கேப் செய்கிறது, நிரல் இன்னொருமுறை செய்கிறது. மைஎஸ்கியூஎல் ஒரு சுற்றைத்தான் அவிழ்க்கிறது. மிச்சம் உள்ளே தங்கிவிடுகிறது.

ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதல்முறை டி'குரூஸ் என்று தட்டினால் உள்ளே 1 பேக்ஸ்லாஷ் தங்கும். அப்புறம் விலாசம் மாற்ற அதே பதிவைத் திறந்தால், படிவத்தில் பெயர் டி\'குரூஸ் என்று வந்து நிற்கும். விலாசத்தை மட்டும் திருத்திச் சேமித்தாலும் பெயரும் கூடவே மறுபடி போகும். இப்போது மேஜிக் கோட்ஸ் அந்த பேக்ஸ்லாஷை இரண்டாக்கி, மேற்கோளுக்கு இன்னொன்று போடும்: 3. அடுத்த சேமிப்பில் 7, அடுத்து 15, 31, 63. ஒவ்வொரு முறையும் இரட்டிப்பும் ஒன்றும்.

அப்படியென்றால் அக்கா காட்டிய பெயரில் இருந்த 7 பேக்ஸ்லாஷ், அந்தப் பதிவு மூன்று முறை சேமிக்கப்பட்டதைச் சொல்கிறது. உறுப்பினர் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். சேர்ந்த நாள் ஒன்று, விலாச மாற்றம் ஒன்று, போன் எண் மாற்றம் ஒன்று. மூன்று கையெழுத்து. இன்னும் நாலைந்து பேரைப் பார்த்தோம், எல்லாம் ஒத்துவந்தது. சிதைவு என்று நினைத்தது ஒரு கணக்கேடாகவே இருந்தது. இந்தக் கணக்கு பின்னால் எனக்குப் பெரிய உதவி செய்தது.

முதல் வேலை, டம்ப். பழைய சர்வரிலிருந்து மைஎஸ்கியூஎல் டம்ப் கருவியால் முழு டேட்டாபேஸையும் எஸ்கியூஎல் கட்டளைகளாக ஒரே கோப்பில் எடுத்து, இரண்டு நகல் வைத்துக்கொண்டேன். ஒன்றைத் தொடவே இல்லை.

அதை எஸ்கியூலைட்டில் நேராக ஏற்றிப் பார்த்தேன். டேபிள் உருவாக்கும் கட்டளைகளிலேயே நின்றது. அவற்றைக் கையால் மாற்றி எழுதியதும் அடுத்து முதல் டி'குரூஸில் நின்றது. எஸ்கியூலைட்டுக்கு ஸ்ட்ரிங்குக்குள், அதாவது மேற்கோளுக்குள் இருக்கும் மதிப்புக்குள், பேக்ஸ்லாஷ் ஒரு சாதாரண எழுத்து, அவ்வளவுதான். மேற்கோளை இரட்டிப்பது மட்டுமே அதற்குத் தெரியும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸும் 2011-இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து இயல்பில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மைஎஸ்கியூஎல் எழுதிய டம்பில் \' என்று வரும் இடமெல்லாம் எஸ்கியூலைட்டுக்கு "இங்கே ஸ்ட்ரிங் முடிந்தது".

சரி, டம்பில் \' வரும் இடத்தையெல்லாம் '' என்று மாற்றிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். இது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி என்பதால், எங்கே உடைகிறது என்பதை நிதானமாகக் காட்டுகிறேன். அலமாரி எண் ஃபீல்டில் சில பதிவுகளின் கடைசியில் பேக்ஸ்லாஷ் இருந்தது. கீபோர்டில் என்டர் கீக்கு நேர் மேலே பேக்ஸ்லாஷ் கீ. வேகமாகத் தட்டும்போது விரல் இரண்டிலும் பட்டிருக்கிறது. உள்ளே இரண்டு பேக்ஸ்லாஷாகச் சேர்ந்திருந்தது, டம்பில் நான்காக வந்தது:

'அ-12\\\\', 'தமிழ்'

இதில் கடைசி மேற்கோள் உண்மையிலேயே மூடும் மேற்கோள். அதற்கு முன்னால் இருப்பவை இரண்டிரண்டாகச் சேர்ந்து தங்களை முடித்துக்கொண்டவை. ஆனால் தேடி மாற்றும் கருவிக்கு அது தெரியாது. கடைசி பேக்ஸ்லாஷையும் மேற்கோளையும் பார்த்து, ஜோடி கிடைத்தது என்று மாற்றிவிடும்:

'அ-12\\\'', 'தமிழ்'

இப்போது எஸ்கியூலைட் '' என்பதை ஸ்ட்ரிங்குக்குள் இருக்கும் ஒரு மேற்கோளாக எடுத்துக்கொண்டு மேலே படிக்கும். காற்புள்ளியும் மதிப்புக்குள் போய்விடும். தமிழ் என்ற சொல்லின் முன்னால் இருக்கும் மேற்கோளில்தான் மூடும். அங்கிருந்து எல்லாம் உள்ளே வெளியே மாறிவிடும். பிழை என்று நின்றதால் பிழைத்தேன். நிற்காமல் ஃபீல்டுகள் ஒன்று தள்ளி உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

எஸ்கேப் போட்ட ஸ்ட்ரிங்கை வெட்டி ஒட்டி மாற்ற முடியாது, முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பேக்ஸ்லாஷைப் பார்த்தால் அடுத்த எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நகர வேண்டும். இதைப் புரிந்துகொண்டு பைதான் மொழியில் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தேன். அதிலும் ஒரு அவசரம்: எஸ்கியூஎல் கட்டளை ஒவ்வொன்றும் செமிகோலனில் முடியும் என்பதால், டம்பை முதலில் செமிகோலன் கண்ட இடத்திலெல்லாம் வெட்டித் தனித்தனிக் கட்டளைகளாக்கிவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று வைத்தேன். ஆறாயிரம் புத்தகப் பதிவுகள் பல்லாயிரம் துண்டுகளாக வந்து விழுந்தன.

காரணம் தமிழ்தான். வாசக சாலையின் ஆரம்ப காலப் புத்தகத் தலைப்புகளெல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில விசைகளின் குறியீடுகளையே தமிழ் வடிவமாகக் காட்டுவது. அதில் தமிழ் என்று எழுத ஐந்து விசைகள்: ஜே, கே, பி, ஓ, அப்புறம் செமிகோலன். மெய்யெழுத்தின் புள்ளி அங்கே செமிகோலன். திரையில் 'க்' என்று தெரிவது கோப்பில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு செமிகோலனும். புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதுவது கடினம். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு புள்ளியிலும் கட்டளை முடிந்தது என்று வெட்டியிருக்கிறது. பழைய தமிழ் எழுத்துருவில் சேர்த்த தரவை வைத்திருக்கும் யாரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே நிறுத்தற்குறி என்று பார்ப்பது நிறுத்தற்குறியாக இருக்க வேண்டியதில்லை.

யூனிகோடில் இந்தக் கவலை கிடையாது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், மூன்றுமே 128-ஓ அதற்கு மேலோ. மேற்கோளின் எண் 39, பேக்ஸ்லாஷின் எண் 92. தமிழ் எழுத்தின் நடுவில் இந்த இரண்டும் தற்செயலாக ஒளிந்திருக்க வழியே இல்லை. சீன மொழிக்கான ஜிபிகே குறியாக்கத்தில் ஓர் எழுத்தின் இரண்டாம் பைட் 92 ஆக இருக்கலாம். குறியாக்கத்தைப் பார்க்காமல் பைட் பைட்டாக பேக்ஸ்லாஷ் சேர்த்த பழைய ஃபங்ஷன்களை அந்த வழியாகத்தான் ஏமாற்றினார்கள்.

அந்த ராத்திரி ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன். டம்பை எழுதியது மைஎஸ்கியூஎல், அதன் எஸ்கேப் விதிகள் முழுக்கத் தெரிந்ததும் மைஎஸ்கியூஎல். நான் எதற்கு அதைப் பாதி குறையாகத் திரும்ப எழுத வேண்டும்? என் லேப்டாப்பில் மைஎஸ்கியூஎல் நிறுவி, டம்பை அதிலேயே ஏற்றினேன். ஒரு பிழையும் இல்லை. அப்புறம் பைதானிலிருந்து அதனுடன் இணைந்து, ஒவ்வொரு பதிவாக மதிப்பாகவே வாங்கி, எஸ்கியூலைட்டுக்கு மதிப்பாகவே கொடுத்தேன். கொடுக்கும் கட்டளை இப்படி:

இன்சர்ட் இன்டு உறுப்பினர் வேல்யூஸ் (?, ?, ?, ?)

கேள்விக்குறிதான் இதில் எல்லாம். கட்டளை தனியாகப் போகிறது, எஸ்கியூலைட் அதைப் படித்துப் பொருள் புரிந்துகொண்டுவிடுகிறது. மதிப்புகள் அப்புறம் தனியாக வந்து அந்தந்த இடத்தில் உட்காருகின்றன. அதற்குள் படித்து முடித்தாயிற்று. மதிப்புக்குள் மேற்கோள் இருந்தாலும் செமிகோலன் இருந்தாலும் அதைக் கட்டளையாகப் பார்க்க யாரும் இல்லை. எஸ்கேப் செய்ய எதுவுமே இல்லை. நாற்பது வரி நிரல், சில விநாடியில் எல்லாப் பதிவும் போய்ச் சேர்ந்தது.

மதிப்பையும் கட்டளையையும் கலந்து அனுப்பும் நிரல்களில், டி'குரூஸ் என்று தேடியதும் பிழைப் பக்கம் வருவதும், ஒரு திருடன் தேடல் பெட்டியில் கட்டளையைத் தட்டி டேபிளையே அழிப்பதும் ஒரே ஓட்டை வழியாக நடப்பவை. 1998 டிசம்பரில் ஹேக்கர்களின் இதழான ஃபிராக்கின் 54-ஆம் வெளியீட்டில் அந்தத் திருட்டு வழி எழுதப்பட்டது; எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் என்பார்கள். பாதுகாப்பு என்ற கோணத்தில் மட்டும் அதைப் பேசிப் பேசி, தன் சொந்தப் பெயரைத் தட்டுகிறவரையும் அதே ஓட்டை தடுக்கிவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் முக்கியம்.

இனி உள்ளே தங்கிய பேக்ஸ்லாஷ்கள். எத்தனை பதிவில் இருக்கிறது என்று மைஎஸ்கியூஎல்லிலேயே எண்ணிப் பார்த்தேன் (லைக் என்பது ஒரு வடிவத்தைத் தேடும் கட்டளைச் சொல், அதில் % என்றால் 'எது வேண்டுமானாலும்'):

வேர் பெயர் லைக் '%\\%'

பூஜ்ஜியம் என்று வந்தது. கண் முன்னால் ஏழு பேக்ஸ்லாஷோடு பெயர் நிற்கிறது, டேட்டாபேஸ் ஒன்றுமே இல்லை என்கிறது. இங்கே இரண்டு அடுக்கு இருக்கிறது. ஸ்ட்ரிங்காகப் படிக்கும்போது \\ என்பது ஒரு பேக்ஸ்லாஷாகிறது. மிஞ்சுவது %\% என்ற வடிவம். லைக் அதை மறுபடி தன் கணக்கில் படிக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் லைக்குக்கும் பேக்ஸ்லாஷ்தான் எஸ்கேப் குறி. எனவே "கடைசியில் சதவீதக் குறி இருக்கும் பெயர்களைக் கொடு" என்று ஆகிவிட்டது. அப்படி யாருக்கும் பெயர் இல்லை. ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட நான்கு எழுத வேண்டும்: '%\\\\%'. எண்ணி எண்ணிப் போடுவதற்குப் பதில் நான் இப்படி மாற்றிக்கொண்டேன்:

வேர் இன்ஸ்ட்ர்(பெயர், சார்(92)) > 0

92-ஆம் எழுத்து உள்ளே எங்காவது இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. எத்தனை அடுக்கு கடந்தாலும் 92 மாறாது.

பட்டியல் வந்ததும் அந்தக் காகிதக் கணக்கு கைகொடுத்தது. மேற்கோளுக்கு முன்னால் வரும் பேக்ஸ்லாஷ்களின் எண்ணிக்கையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன்: 1, 3, 7, 15, 31. வேறு எண்ணே இல்லை. இரட்டை மேற்கோளுக்கு முன்னாலும் அதேதான். ஆக இவை எல்லாமே நிரல் போட்டவை, மனிதர் தட்டியது ஒன்றும் இல்லை; தயங்காமல் எடுக்கலாம். மேற்கோள் இல்லாமல் தனியே நிற்பவை, கடைசியில் சொல்லப்போகும் மூன்று பெயர்களைத் தவிர, 2, 4, 8 என்று இருந்தன. இரட்டை மேலே இரட்டை. இவை என்டர் பக்கத்தில் விரல் பட்டு ஒரிஜினலாகவே தட்டப்பட்டு, ஒவ்வொரு சேமிப்பிலும் இரட்டித்தவை.

"அலமாரி எண்ல எழுத்து, நம்பர் தவிர வேற எதாவது வருமா அக்கா?"

"ஒரு சின்னக் கோடு வரும். அது படுத்த கோடு. சாஞ்ச கோடு கிடையாது."

அவற்றையும் எடுத்தேன்.

எடுக்கும் வேலையை ரீஜெக்ஸால், அதாவது எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடி மாற்றும் முறையால், செய்தேன்: பேக்ஸ்லாஷ் ஒன்றோ அதற்கு மேலோ, உடனே ஒரு மேற்கோள், அதன் இடத்தில் அந்த மேற்கோள் மட்டும். ரீஜெக்ஸிலும் பேக்ஸ்லாஷ் எஸ்கேப் குறி, பைதான் ஸ்ட்ரிங்கிலும் அப்படியே. மறுபடி நான்கு போடும் நிலைமை வரும். பைதானில் பேக்ஸ்லாஷை அப்படியே விட்டுவிடும் ரா ஸ்ட்ரிங் போட்டால் ஓர் அடுக்கு குறைந்து இரண்டில் முடியும். அதைத்தான் போட்டேன்.

இன்னொரு அடுக்கும் இருந்தது. சில வருஷம் கழித்து யாரோ வந்து, திரையில் காட்டுவதற்கான எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களின் மொழி) எஸ்கேப்பைச் சேமிக்கும் இடத்தில் செருகியிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் சேர்ந்த பதிவுகளில் மேற்கோளே இல்லை; அதன் இடத்தில் &#039; என்று நிற்கிறது. டி\&#039;குரூஸ். எனவே வரிசை முக்கியம். முதலில் &#039; என்பதை மேற்கோளாக்க வேண்டும், அப்புறம்தான் பேக்ஸ்லாஷை எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், பேக்ஸ்லாஷுக்கு அடுத்து மேற்கோளைத் தேடும் ரீஜெக்ஸுக்கு அங்கே மேற்கோள் கிடைக்காது. போட்ட வரிசைக்குத் தலைகீழாகக் கழற்ற வேண்டும், சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டவன் கோட்டைத்தான் முதலில் கழற்றுவான் என்பது போல.

மாற்றிய ஒவ்வொரு பதிவையும் முன், பின் என்று இரண்டு பத்தியாக அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தேன். பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டார். அவருக்கு முக்கால்வாசிப் பேரை முகம் தெரியும். பாமினித் தலைப்புகளை யூனிகோடுக்கு மாற்றியது இதற்கெல்லாம் அப்புறம்தான். பேக்ஸ்லாஷோடு மாற்றியிருந்தால் அதுவும் ஏதாவது தமிழ் எழுத்தாகி ஒட்டிக்கொண்டிருக்கும் ஆபத்து உண்டு.

புதிய நிரலைப் பைதானில், இணைய நிரல்களுக்கான ஃபிளாஸ்க் என்ற கருவியை வைத்து எழுதினேன். மதிப்பு போகும் எல்லா இடத்திலும் கேள்விக்குறி. எச்டிஎம்எல் எஸ்கேப்பை ஃபிளாஸ்க்கின் டெம்பிளேட் தானாகவே பார்த்துக்கொள்கிறது, அதுவும் திரைக்குப் போகும் கணத்தில் மட்டும். சேமிக்கும் இடத்தில் ஒரு எஸ்கேப்பும் கிடையாது. டேட்டாபேஸில் இருப்பது டி'குரூஸ், வேறு எதுவும் ஒட்டாத டி'குரூஸ். எந்த ஃபீல்டை வைத்து வரிசைப்படுத்துவது என்பதை மட்டும் கேள்விக்குறியால் அனுப்ப முடியாது. ஃபீல்டு பெயர் மதிப்பு அல்ல. அதற்கு நான்கு பெயர்களை நிரலிலேயே எழுதிவைத்து, அந்த நான்கில் ஒன்றாக இருந்தால்தான் ஏற்கிறேன்.

தேடல் பெட்டியில் மட்டும் ஒரு சங்கதி மிச்சம் இருந்தது. கேள்விக்குறி போட்டுவிட்டாலும் லைக்கின் % குறியும், 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள்படும் _ குறியும் தங்கள் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் அவை கட்டளையின் விதி அல்ல, லைக்கின் விதி. 50% என்று தட்டினால் 50 இருக்கும் தலைப்பெல்லாம் வரும். ஒரு _ மட்டும் தட்டினால் எல்லாப் புத்தகங்களும் வரும். எஸ்கியூலைட்டில் லைக்குக்கு இயல்பான எஸ்கேப் குறி கிடையாது, நாம்தான் சொல்ல வேண்டும்:

வேர் தலைப்பு லைக் ? எஸ்கேப் '!'

பேக்ஸ்லாஷை வேண்டுமென்றே தவிர்த்து ஆச்சரியக்குறியை எடுத்தேன். இடையில் எந்த அடுக்கும் அதைத் தொடாது. தட்டியதில் உள்ள ! எல்லாவற்றையும் முதலில் !! ஆக்க வேண்டும், அப்புறம் % என்பதை !% ஆகவும், _ என்பதை !_ ஆகவும். முதல் படியைக் கடைசியில் செய்தால், நாமே போட்ட ஆச்சரியக்குறிகளும் இரட்டித்துவிடும். பழைய நிரலின் நோயே அதுதான்.

மேற்கோளிலும் இரண்டு ஜாதி. கீபோர்டில் தட்டுவது நேர் மேற்கோள் '. வேர்டிலிருந்து ஒட்டினால் வருவது வளைந்த ’. டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து. வளைந்ததற்கு எஸ்கேப் தேவையில்லை, ஆனால் ஒன்றைத் தட்டினால் மற்றது கிடைக்காது. தேடலுக்கென்று ஒரு தனி ஃபீல்டு வைத்து அதில் எல்லாவற்றையும் நேராக்கி வைத்தேன், கூடவே 'கொ' போன்ற எழுத்துகளை ஒரே குறியாகவும் பிரித்தும் தட்டும் வித்தியாசத்தையும் யூனிகோட் என்எஃப்சி முறையில் ஒன்றாக்கினேன். காட்டும் பெயரைத் தொடவில்லை.

சோதனைக்கு ஒரு கையளவு தொல்லைப் பெயர்களை வைத்துக்கொண்டேன்: டி'குரூஸ், இரட்டை மேற்கோள் உள்ள தலைப்பு, கடைசியில் பேக்ஸ்லாஷ் வைத்த ஒன்று, 50%, செமிகோலனும் இரண்டு படுத்த கோடும் வைத்த ஒன்று, &#039; என்றே தட்டிய ஒன்று. ஒவ்வொன்றையும் படிவம் வழியாகச் சேமித்து, திறந்து, எதையும் மாற்றாமல் மறுபடி சேமித்து, இப்படிப் பத்து முறை. பத்தாவது முறையும் முதலில் தட்டியதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய நிரலில் இந்தச் சோதனையை இரண்டே முறை ஓட்டியிருந்தால் போதும். எல்லாம் ஒத்தன.

மூன்று பெயர்கள் மட்டும் மிச்சம். அவற்றில் பேக்ஸ்லாஷுக்கு அப்புறம் எதுவுமே இல்லை. ஒருவர் பெயர் இப்படித் தொடங்கியது: அ, புள்ளி, இடைவெளி, டி. ஆங்கிலத்தில் 4 எழுத்து. அதன் பின் 56 பேக்ஸ்லாஷ், அத்தோடு சரி. பெயர் ஃபீல்டின் நீளம் 60. ஐந்தாவது சேமிப்பு வரை 31 பேக்ஸ்லாஷோடு முழுப் பெயரும் உள்ளே இருந்திருக்கும். ஆறாவதில் 63 ஆக வேண்டும், இடம் இல்லை. 2015-இல் வந்த 5.7 பதிப்பு முதல் மைஎஸ்கியூஎல் இயல்பாகவே இப்படிப்பட்ட மதிப்பை ஏற்க மறுக்கும். பழைய பதிப்பு 60-இல் வெட்டி, ஓர் எச்சரிக்கையை மட்டும் வைத்துவிட்டு, சேமித்தேன் என்று சொல்லிவிட்டது. குரூஸோ சூசாவோ, அந்தக் கணத்தோடு போயிற்று. எந்த ரீஜெக்ஸும் இதைத் திருப்பித் தராது.

அக்கா மர அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சேர்க்கைப் படிவங்களை எடுத்தார். ரப்பர்பேண்டு உலர்ந்து தாளோடு ஒட்டியிருந்தது. உறுப்பினர் எண்ணை வைத்துத் தேடினோம். இரண்டு படிவம் கிடைத்தது. ஒன்றில் நீல மையில் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதி, நடுவில் அந்த மேற்கோளை நன்றாக அழுத்திப் போட்டிருந்தார். இரண்டையும் பார்த்துத் தட்டி, புது அட்டை அச்சிட்டோம்.

மூன்றாவது படிவம் அந்தக் கட்டில் இல்லை. "தெற்குத் தெருக்காரர். கடலுக்குப் போயிருப்பார், வந்ததும் புத்தகம் திருப்ப வருவார்" என்றார் அக்கா. அவர் பதிவில் பெயருக்கு எதிரே, நேரில் கேட்டுத் திருத்தவும் என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.